புகைக்குப் பின்னால் நின்றவர்

அவர் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் பானெட்டைத் திறப்பார். மழை பெய்தாலும் திறப்பார், பின் சீட்டில் கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாலும் திறப்பார். எஞ்சின் மூலையில் செருகியிருக்கும் ஆயில் கம்பியை உருவி, மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து, மறுபடியும் உள்ளே விட்டு உருவி, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கம்பியின் முனையில் இரண்டு கோடுகள் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஆயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொள்வார். "பாதிக்கு ஒரு நூல் கீழ." பிறகுதான் வண்டியில் ஏறுவார்.

ஒருமுறை முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கத்தினார். இவர் கம்பியை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே பாருங்க சார், என் கண்ணுக்கு வயசாயிடுச்சி" என்றார். பட்டுச் சட்டையில் ஒரு சொட்டு விழாமல் அந்தக் கம்பியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் சித்தப்பாவுக்கு முகூர்த்தம் மறந்துபோயிற்று.

அவரைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் நான் வந்துவிடுவேன். நல்ல வேஷத்திலும் வர மாட்டேன். ஏழு மாதம் அவர் தான் செய்யாத தப்புக்காகத் தன் காரைக் கையால் தள்ளினார். செய்தவன் யாரென்று தெருவில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் அப்போது நிறையப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் நடுவில் என் வீடு. தாத்தா தறிக்காரர், அப்பா குமாஸ்தா, நான் ஒரு தனியார் கல்லூரியில் நூலகன். உழைப்பு எங்கள் குடும்பத்தில் எப்படிப் படிப்படியாக இறங்கி வந்தது என்பதற்கு இந்த வரிசையே போதும். அவர் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தார். திருப்புட்குழிப் பக்கத்துக்காரர். அவர் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்தவரும் முதன்முதலில் சொந்தமாக வண்டி வாங்கியவரும் இவர்தான். பதினெட்டு வருஷத்து வெள்ளைக் கார், மீட்டரில் நாலு லட்சம் கிலோமீட்டர். வாடகைக்கு ஓட்டினார். பாதி சவாரி ஆஸ்பத்திரிக்கு, பாதி சவாரி பட்டுக்கு. முதலாளிகள் சேலைக் கட்டுகளைச் சென்னைக்கு அனுப்ப அவரைத்தான் கூப்பிடுவார்கள். கட்டை ஏற்றுமுன் பின் சீட்டில் வெள்ளை வேட்டி விரிப்பவர் வேறு யார்?

எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு போடுவார்கள். மூன்று சேலைக்கு வேண்டிய நீள இழைகளைத் தெரு நெடுகக் கவைக்கம்புகளின் மேல் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளம் கிடையாது, அதனால் தெருதான். அந்த இரண்டு மணி நேரம் தெரு பட்டுக்குச் சொந்தம். வண்டி வைத்திருப்பவர்கள் பாவுக்கு முன்னால் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் பாவு இறங்கும் வரை வீட்டில் இருக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. மீறியவன் நான்.

அன்றைக்குக் கல்லூரிக்குப் பெரிய இடத்திலிருந்து சோதனைக்கு வருவதாக இருந்தது. நூலகத்தில் இல்லாத புத்தகங்கள் இருப்பதுபோல் தெரிய வேண்டிய நாள். எழுந்ததே தாமதம். வெளியே வந்தால், எதிர்வீட்டு சரோஜாக்காவின் பாவு ஏறியிருந்தது. சந்தன நிறம். அதன் முனை என் காருக்குப் பின்னால் நாலடியில் கவைக்கம்பில் நின்றது. காருக்கு முன்னால் தெரு காலி. அக்காவும் மற்றவர்களும் அந்தக் கோடியில் இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறி, ஸ்டார்ட் செய்து, குளிர்ந்த எஞ்சினை இரண்டு முறை நன்றாக உறுமவிட்டேன்.

என் காரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, அது மாதம் ஒரு லிட்டர் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பழைய காரை விசாரித்து வாங்கத் தெரியாதவன் என்ற பேர் வரும். இரண்டு, அதன் சைலென்சர் முனையில் பளபளவென்று ஒரு குரோம் குழாய் வாங்கி மாட்டியிருந்தேன். அது வாயைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தது. புகைக்குள் சந்தன நிறம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்க்க நான் திரும்பவில்லை. கியர் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது தெருவில் கூட்டம். சரோஜாக்கா பாவிலிருந்து அறுத்த ஒரு துண்டைக் கையில் வைத்திருந்தார். சந்தனத்தின் மேல் கறுப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் எண்ணெய் வளையம். நூல் கொடுத்த முதலாளி பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். தறி காலி. அடுத்த பாவு எப்போது கொடுப்பார், கொடுப்பாரா என்பதே தெரியாது. அக்காவுக்கு எதிரில், கையில் சாவியோடு, கடைசி வீட்டுக்காரர் நின்றிருந்தார். அன்று காலையில் அவரும் தெருவுக்குள்தான் வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தார், எனக்கு அரை மணி முன்னால், பாவு ஏறத் தொடங்கிய நேரத்தில். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அவர் வண்டி புகை விடும் என்பது ஊருக்கே தெரியும். என் வண்டி புகை விடும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சந்தேகத்துக்குப் போய் உட்கார ஒரு வீடு தேவைப்பட்டது, வாடகை வீடு கிடைத்தது.

அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. தலையைச் சாய்த்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் வண்டியா இருக்கலாம்மா. இல்லன்னு நான் எப்படிச் சொல்றது? புகை ஓட்டுறவனுக்குத் தெரியாது. பின்னாடி நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"பின்னாடி நின்னது என் பாவு. அதுக்கு வாய் இல்ல" என்றார் சரோஜாக்கா.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்வதற்காக அல்ல. மத்தியஸ்தம் செய்வதற்காக. வண்டியைத் தெருவிலேயே வைக்கக் கூடாது என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் இரு தரப்பு நியாயத்தையும் அழகாக எடுத்துச் சொல்லி, ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் வண்டியைத் தெருவில் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் காலையில் எஞ்சினைப் போடாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்யட்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். கடைசி வீட்டுக்காரரே என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து தள்ளினார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, இடது கையை ஸ்டியரிங்கில் வைத்து, தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளுவார். ரப்பர்ச் செருப்பு தரையில் தேயும் சத்தம் மட்டும் கேட்கும். என் படுக்கை தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டி. அலாரம் தேவையில்லாமல் போயிற்று. சேலைக் கட்டுச் சவாரிகள் நின்றுவிட்டன. பட்டுக்குப் பக்கத்தில் அந்த வண்டியா என்று முதலாளிகள் சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசியதெல்லாம் ஆயிலைப் பற்றி. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வருவார். "நீங்க படிச்சவங்க, போன்ல பார்த்துச் சொல்லுங்க சார். வண்டி ஆயில் குடிக்கறத எப்படிக் குறைக்கிறது?" நான் படித்துச் சொல்வேன். அவர் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பார். இரண்டை ஒன்றாகச் செய்தால் எதனால் குறைந்தது என்று தெரியாதாம். முதலில் வண்டிக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு ஒழுகல் இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்தார். ஒழுகல் இல்லை. சமமான இடத்தில் நிறுத்தி எஞ்சின் ஆறிய பிறகுதான் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று நான் வாசித்துச் சொன்னதும், தன் வீட்டு வாசலில் நாலு சக்கரத்துக்கும் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டார். கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு மெக்கானிக் சொன்னபோது மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த வண்டிக்குன்னு கம்பெனிக்காரன் சொன்ன ஆயில் ஒண்ணு இருக்குது. கெட்டியா ஊத்தினா சத்தம் அடங்கும் சார். நாம கேக்காம போயிடுவோம்."

எனக்கு அந்த மெக்கானிக்கைத் தெரியும். என் காரில் அந்தக் கெட்டி ஆயில்தான் இருந்தது. டப்பா என் புத்தக அலமாரியில் கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் பின்னால்.

பிறகு பிரீதர் வால்வு. எஞ்சினுக்குள் கட்டும் காற்றை வெளியே விடும் விரல் நீளக் குழல் அது. அடைத்துக்கொண்டால் காற்று போக வழியில்லாமல் ஆயிலைத் தள்ளும் என்று நான்தான் படித்தேன். அவர் கழற்றிப் பார்த்தார். களிம்பு மாதிரி அடைப்பு. சுத்தம் செய்ததும் ஆயில் இறங்குவது பாதியாகக் குறைந்தது. அன்றைக்கு அரை கிலோ கோவில் இட்லி வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். "மூச்சு முட்டிக்கினு இருந்திருக்குது சார், பாவம். நமக்குத் தெரியல." மிளகும் சுக்கும் போட்ட அந்த இட்லி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் வாசலில் என் காரைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"உங்க வண்டி எவ்ளோ குடிக்குது சார்?"

"குடிக்கவே குடிக்காது அண்ணே."

"குடிக்காத வண்டி கெடையாது சார். ஒத்துக்கினா பொழைச்சிக்கும். ஒரு வாட்டி தொறந்து பாத்துடலாமா?"

பானெட் கம்பி அறுந்துவிட்டது என்பேன். சாவி மனைவியிடம் இருக்கிறது, அவள் கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்பேன். ஒருநாள் இராகு காலம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சுக்குப் போகிறவர். சிரிக்காமல், "முடிஞ்சப்புறம் வரேன் சார்" என்றார்.

ஆறாவது மாதம் கடைசி வேலையைச் செய்தார். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது வால்வுகளில் தேய்ந்த ரப்பர் சீல் வழியாக ஆயில் கசிந்து இறங்கும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் அது நீலப் புகையாக வரும். சீல் சின்னது, வேலை பெரியது. இரண்டு நாள் சவாரியை விட்டுவிட்டு மாற்றினார். மூன்றாம் நாள் காலையில் தெருவைக் கூப்பிட்டு, சைலென்சருக்குப் பின்னால் புது வெள்ளைத் துணியைக் கட்டி, சாவியைத் திருப்பினார். எல்லோரும் பின்னால் நின்று பார்த்தோம். துணியில் ஒன்றுமில்லை. சரோஜாக்காவே துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "சரிப்பா, இனிமே தள்ள வேணாம்" என்றார். இதற்குள் அக்காவின் தறியில் வேறொரு முதலாளியின் பாவு ஏறியிருந்தது, பழைய கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நான் வீட்டுக்குள் போய் நிம்மதியாகக் காபி குடித்தேன். மறுநாள் விடியற்காலை ஜன்னலுக்கு வெளியே அதே செருப்புச் சத்தம்.

சாயங்காலம் ஏன் என்று கேட்டேன். "இப்போ புகை இல்லன்னுதான் தெரிஞ்சிது சார். அன்னிக்கு இன்னா ஆச்சின்னு தெரியல. தெரியற வரைக்கும் தள்றேன்" என்றார். இப்படியே ஒரு மாதம் போயிற்று.

பிறகு ஒரு சாயங்காலம் வந்தார். உட்காரவில்லை. கையில் சரோஜாக்காவிடம் கேட்டு வாங்கிய அந்தச் சந்தனத் துண்டு.

"ஒரு விஷயம் சார். என் வண்டி சைலென்சர் தரையப் பாத்துக்கினு வளைஞ்சி இருக்குது. அது எதைத் துப்பினாலும் தரையிலதான் விழணும். இந்தப் பாவு இடுப்பு உயரத்துல நின்னுக்கினு இருந்துது." துண்டைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினார். "எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. நேரா நீட்டிக்கினு இருக்கிற சைலென்சர் தெருவுல எத்தனை இருக்குதுன்னு பாக்கணும். காலைல துணி எடுத்துக்கினு வரேன். உங்க வண்டில ஆரம்பிச்சிடலாம், பக்கத்துல இருக்குது."

அவர் குரலில் சந்தேகம் எதுவும் இல்லை. என் வண்டியில் ஆரம்பிப்பது பக்கத்தில் இருப்பதால்தான். அது எனக்குத் தெரிந்தது. அவர் போன பிறகு நான் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பல முறை படித்தேன். ஒழுக்கத்தைப் பற்றிய புத்தகம் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஸ்பேனரோடு வெளியே வந்தேன். அந்தக் குரோம் குழாயை மட்டும் கழற்றிவிட்டால் சைலென்சர் கொஞ்சம் தாழும். சரோஜாக்காவும் ஆட்களும் பாவுக்குக் கவைக்கம்பு நட ஆரம்பித்திருந்தார்கள். நான் என் காருக்குப் பின்னால் குந்தி, துருவேறிய திருகைத் திருகினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திருகினேன். இடது தோளில் பிடித்துக்கொண்டது. ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்ததால் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். வலி தோளிலிருந்து தாடைக்கு ஏறி, பிறகு நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்ததுபோல் ஆயிற்று. சட்டை நனைந்துவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

எதிரில் ரப்பர்ச் செருப்பு தெரிந்தது. நிமிர்ந்தேன். அவர் தோளில் வெள்ளைத் துணி. என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். அது பிடித்துக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். ஸ்பேனரை என் விரலிலிருந்து பிரித்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, என் மனைவியைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார்.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பின் சீட்டில் என்னைப் படுக்க வைப்பதற்குள் பாவு ஏறிவிட்டிருந்தது. தெரு நெடுகப் பச்சைப் பட்டு. வீட்டுக்கும் பாவுக்கும் நடுவில் கார் போக இடமில்லை. சரோஜாக்கா ஒரு சத்தம் கொடுத்தார். பதினாலு பேர் கவைக்கம்புகளைப் பிடுங்கி, பாவோடு தலைக்கு மேலே தூக்கினார்கள். கார் அதன் அடியில்தான் போக வேண்டும்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே" என்றாள் என் மனைவி.

"வேணாம்மா. இவங்க தூக்கித் தூக்கி வழி விடற வேகத்துலதான் போவ முடியும். ஸ்டார்ட் பண்ணாலும் இதே வேகம். தள்றேன்."

சரோஜாக்காவே, "பாவு போனா போவுதுப்பா, ஸ்டார்ட் பண்ணு" என்றார். அவர் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. அவர் கம்பியைப் பார்க்காமல் கிளம்பி நான் கண்டது அந்த ஒரு நாள்தான். என் மனைவி இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினாள்.

நான் மல்லாந்து படுத்திருந்தேன். எஞ்சின் சத்தம் இல்லாமல் கார் நகர்வது விசித்திரமான விஷயம். ஜன்னலுக்கு மேலே பச்சைப் பட்டு மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தூக்கிய கைகள். அந்தக் கைகளுக்கு நடுவில், இன்னும் எத்தனை வீடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு. மூச்சு இழுக்க இழுக்கக் குறைந்தது. சரோஜாக்காவின் முகம் ஜன்னலுக்கு நேராக வந்தது. நான் சாகப்போகிறேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நான் தைரியமாக எடுத்த முடிவுகளெல்லாம் இப்படி வேறு வழியில்லாமல் எடுத்தவைதான்.

"அக்கா, அன்னிக்கு உங்க பாவக் கெடுத்தது என் வண்டி. எனக்கு அப்பவே தெரியும்."

கார் நிற்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் ஒரு அடி தவறி, மறுபடி சேர்ந்துகொண்டது. சரோஜாக்கா கவைக்கம்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார்.

"என் ரெண்டு கையும் மேல இருக்குது சார். அதனால தப்பிச்ச" என்றார்.

"பேசாம படுங்க சார், மூச்ச சேத்து வெச்சிக்குங்க" என்றார் தள்ளுகிறவர்.

தெருமுனையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஆஸ்பத்திரி வரை வேகமாகத்தான் போனார், ஆனால் எஞ்சினை ஒருமுறைகூட உறும விடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எப்போது தெரியும் என்று. முன் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "காலைல ஸ்பேனரப் பாத்ததும் சார். அதுவரைக்கும் என் வண்டின்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு ஒரு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். சாகும்போது சொன்ன வாக்குமூலத்தில் இருக்கும் ஒரே சௌகரியம், பிறகு யாரும் வந்து கேட்க முடியாது என்பது. எனக்கு அது கிடைக்கவில்லை, பிழைத்துவிட்டேன். இரண்டு நாள் என் மனைவி என்னோடு பேசவில்லை. அதிர்ச்சி என்று நர்ஸ் நினைத்துக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

பத்தாம் நாள் தெருவுக்குத் திரும்பினேன். யாரும் திட்டவில்லை. அதற்கு நான் தயாராக இல்லை. சரோஜாக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். அதை இங்கே எழுதினால் பெருமைபோல் ஆகிவிடும். மறுநாள் காலை அவரும் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் என் வாசலில் நின்றார்கள். என் மனைவி சாவியைக் கொடுத்தாள். அவர் முதல் முறையாக என் காரின் பானெட்டைத் திறந்தார். கம்பியை உருவி, கைக்குட்டையால் துடைத்து, உள்ளே விட்டு உருவி, வானத்துக்கு நேராகப் பிடித்தார்.

"கீழ்க்கோட்டையே தொடல" என்றார். என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ குடிக்குது சார்?"

தெரு என்னைப் பார்த்தது.

"மாசம் ஒரு லிட்டர்."

"எத்தனை நாளா?"

"வாங்கினதுலேருந்து. ரெண்டு வருஷம்."

கம்பியை அதன் துளையில் செருகினார். ஒத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளும் என்று எப்போதும் சொல்வாரே, அதை இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என் காரையும் தெருமுனை வரை தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சரோஜாக்கா தீர்ப்புச் சொன்னார். என்னால் தள்ள முடியாது, மூன்று மாதம் கனமான வேலை கூடாது. அதனால் அவர் தள்ளினார். நான் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம், விடியற்காலை தோறும், என் காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்சு வாங்கும் சத்தம். தன் வண்டியை அவர் தள்ளுவதை நிறுத்திவிட்டிருந்தார். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துவிட்டதே. சேலைக் கட்டுகள் அவர் வண்டிக்குத் திரும்பின.

பிரீதர், சீல், சரியான ஆயில் எல்லாவற்றையும் என் காருக்கும் அவரே முன்னின்று செய்து கொடுத்தார், ஒரு நேரத்தில் ஒன்றாக. குரோம் குழாயை ரம்பம் வைத்து அறுத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்குள் வந்து அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. கூப்பிட்டால், "கை அழுக்கு சார்" என்பார். கழுவிய கையோடு சொல்வார். அடுத்த வருஷம் வாலாஜாபாத்தில் மகள் வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். போகும்போது தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும் சொன்னார், வாசலில் நின்று.

இப்போது நானே தள்ளுகிறேன். டாக்டர் அனுமதித்துவிட்டார், காரும் லேசான கார். தெருமுனைக்குப் போனதும் சைலென்சரில் வெள்ளைத் துணியைக் கட்டுகிறேன். வண்டி ஓட்டத் தெரியாத என் மனைவி சாவியைத் திருப்ப மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னால் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறாள். நான் பின்னால் நிற்கிறேன்.